அக்காவுக்கு ஒரு நம்பர் வேணும்!

ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு ஷார்ஜாவிலிருந்து போன் வந்தால் இரண்டு அர்த்தம்தான் உண்டு. ஒன்று, யாருக்கோ குழந்தை பிறந்திருக்கிறது. இல்லாவிட்டால் அக்காவுக்குத் தூக்கம் வரவில்லை. 2023 ஏப்ரலில் வந்த அந்த போன் இரண்டிலும் சேராது.

"டேய் தம்பி, நீ பி.காம்.தானே?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் படித்த படிப்பை எங்கள் குடும்பத்தில் யாராவது ஞாபகம் வைத்துக்கொண்டு விசாரித்தால், ஏதோ வில்லங்கம் வருகிறது என்று அர்த்தம்.

"ஆமாம்க்கா... ஏன்?"

"பான் கார்டுன்னா என்னடா?"

பின்னாலிருந்து அத்தான் குரல் கேட்டது. "வெத்தலைக் கடையில கிடைக்குமான்னு கேளு!"

அத்தானுக்கு எல்லாமே தமாஷ்தான். கல்யாண முகூர்த்தத்திலேயே ஐயரிடம் ஜோக் அடித்தவர். ஆனால் அக்கா சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். அம்மா 2022-ல் தவறிவிட்டார். பட்டுக்கோட்டை வீடு அம்மா பெயரில் இருந்தது. வாரிசு, நாங்கள் இரண்டே பேர். பூட்டிப் போட்ட வீட்டில் கரையான் குடித்தனம் ஆரம்பித்துவிட்டதால், விற்றுவிடுவது என்று முடிவு. பக்கத்துத் தெரு தேங்காய் மண்டிக்காரர் 90 லட்சத்துக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லி அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். ஆளுக்கு 45 லட்சம். ஆகஸ்ட்டுக்குள் ரிஜிஸ்தர் ஆகவேண்டும். அக்கா மகளுக்கு கோயம்புத்தூரில் இன்ஜினீயரிங் சேரவேண்டும். அத்தான் கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள் என்று வேறு பேச்சு. அந்தப் பணத்தை நம்பித்தான் அங்கே எல்லாக் கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் மண்டிக்காரரின் ஆடிட்டர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"உங்க அக்கா என்.ஆர்.ஐ.யா? அப்போ அவங்க பங்குல வரி பிடிச்சுட்டுத்தான் கொடுக்கணும். அவங்க பான் நம்பர் என்ன?"

அக்காவிடம் பான் நம்பர் இல்லை!

அக்காவிடம் நம்பரே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பாஸ்போர்ட் நம்பர் உண்டு. விசா நம்பர் உண்டு. எமிரேட்ஸ் அடையாள அட்டையில் 784 என்று ஆரம்பித்து, நடுவில் பிறந்த வருஷத்தையும் வைத்துக்கொண்டு பதினைந்து இலக்கத்துக்கு ஒரு நம்பர் உண்டு. (784 என்பது ஐக்கிய அரபு எமிரேட்ஸுக்கு உலக அளவில் கொடுத்திருக்கும் நாட்டு எண்.) ஆனால் அங்கே சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. கல்யாணம் ஆகி 2003-ல் போனவள், இருபது வருஷமாக வரி என்ற வார்த்தையையே கேட்காமல் சந்தோஷமாக இருந்திருக்கிறாள். பான் கார்டு இல்லாதது ஒரு குற்றமா?

குற்றமில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. ஆடிட்டர் பேப்பரில் போட்டுக் காட்டினார்.

உள்ளூரில் இருப்பவர் 50 லட்சத்துக்கு மேல் வீடு விற்றால், வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்தால் போதும். வெளிநாட்டில் இருப்பவர் விற்றால் கதையே வேறு. அன்றைய விதிப்படி நீண்ட நாள் வைத்திருந்த சொத்துக்கு வரி 20 சதவீதம், அதன்மேல் 4 சதவீதம் செஸ். வாங்குபவர் எதற்கு வம்பு என்று முழு விலையிலேயே பிடித்துவிடுவார். 45 லட்சத்துக்கு 9 லட்சம், செஸ் 36,000. ஆக 9,36,000 ரூபாய்!

"ஆனா அவ்வளவு வரி வராதே, சார்? லாபத்துக்குத்தானே வரி?" என்றேன். பி.காம். கொஞ்சம் வேலை செய்தது.

"வராதுதான். 2001-ல அந்த வீட்டுக்கு என்ன மதிப்போ, அதைப் பணவீக்கக் குறியீட்டால பெருக்கிக் கழிச்சுக்கலாம்" என்று அவர் அடுத்த பேப்பரை எடுத்தார். 2001-ல் அக்கா பங்கின் மதிப்பு 8 லட்சம். 2023-24க்கான குறியீடு 348. ஆக 27,84,000 ரூபாய் கழிந்துவிடும். மிச்சம் 17,16,000தான் லாபம். அதற்கு வரியும் செஸ்ஸும் 3,56,928 ரூபாய்.

இரண்டு பேப்பருக்கும் வித்தியாசம் 5,79,072 ரூபாய். பெண்ணின் காலேஜ் செலவில் பாதிக்கு மேல்!

"இந்த இரண்டாவது கணக்குப்படி பிடிச்சா போதும்னு இன்கம்டாக்ஸ் ஆபீஸர்கிட்ட முன்கூட்டியே சர்டிபிகேட் வாங்கலாம். இல்லே, முழுசாப் பிடிக்க விட்டுட்டு, அடுத்த வருஷம் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வாங்கலாம். ரெண்டுக்குமே பான் வேணும். பான் இல்லேன்னா மனுவும் கிடையாது, ரிட்டர்னும் கிடையாது. பணம் கவர்ன்மென்ட்டுகிட்ட பத்திரமா இருக்கும்" என்றார் ஆடிட்டர். அந்தப் 'பத்திரமா'வை அவர் அழுத்திச் சொன்னவிதம் எனக்குப் பிடிக்கவில்லை.

இதில் உபகதை ஒன்று. என்.ஆர்.ஐ.யிடம் வாங்குவதால், வரி பிடித்துக் கட்ட மண்டிக்காரருக்கும் அப்போது 'டான்' என்று ஒரு தனி நம்பர் வேண்டியிருந்தது. "என்கிட்ட பான் இருக்கே தம்பி, டான் எதுக்கு? நான் என்ன கடத்தலா பண்றேன்?" என்று அவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். அவரைச் சமாதானப்படுத்த இரண்டு இளநீர் செலவாயிற்று. இரண்டும் அவர் மண்டி இளநீர்தான்.

சரி, அக்காவுக்கு வருவோம்.

என்னைக் கேட்பதற்குள் அக்காவே ஒரு காரியம் செய்துவிட்டாள். அமீரகத்தில் தெருவுக்குத் தெரு டைப்பிங் சென்டர்கள் உண்டு. அரசாங்க மனு எதுவானாலும் அங்கே போய் உட்கார்ந்தால் அவர்களே அடித்துக் கொடுத்துவிடுவார்கள். அப்படி ஒன்றில் போய் பான் மனு போட்டுவிட்டாள். ஒரு மாதம் கழித்து, 'ஆட்சேபணை' என்று பதில் வந்தது. மே மாதம் பிறந்துவிட்டது.

நகலை வாங்கிப் பார்த்தேன். தலையில் கை வைத்துக்கொண்டேன்.

முதல் தப்பு, படிவமே தப்பு. அப்போது இரண்டு படிவங்கள் இருந்தன. 49 ஏ என்பது இந்தியக் குடிமக்களுக்கு. 49 ஏஏ என்பது வெளிநாட்டுக் குடிமக்களுக்கு. அக்கா வெளிநாட்டில் இருக்கிறாள் என்பதால் டைப்பிங் சென்டர்காரர் 49 ஏஏ போட்டுவிட்டார். எங்கே குடியிருக்கிறீர்கள் என்பது முக்கியமில்லை. கையில் இருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பதுதான் கணக்கு. அக்கா இருபது வருஷம் அங்கே குப்பை கொட்டினாலும் இந்தியப் பாஸ்போர்ட்தான். ஆக அவளுக்கு 49 ஏ. அதே கட்டடத்தில் இருக்கும் லண்டன் பாஸ்போர்ட்காரத் தமிழர், பிறந்தது தஞ்சாவூரே ஆனாலும், 49 ஏஏ.

இரண்டாவது தப்பு, நம்முடைய ஜாதகத்திலேயே இருக்கும் தப்பு. பெயர்!

அக்காவின் நிஜப் பெயரைப் போட்டால் போனிலேயே என் காதைத் திருகுவாள். அதனால் லட்சுமி என்று வைத்துக்கொள்வோம். அப்பா கந்தசாமி. அத்தான் ராஜேந்திரன். ஸ்கூல் சர்டிபிகேட்டில் அக்கா 'க. லட்சுமி'. பாஸ்போர்ட்டில் 'லட்சுமி ராஜேந்திரன்'. டைப்பிங் சென்டர் மனுவில் 'லட்சுமி கே'. மூன்றும் ஒரே பெண் என்பது நமக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு அது மூன்று பெண்கள்!

வடக்கே பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயர் இருக்கும். நமக்கு ஏது? அப்பா பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கி முன்னால் மாட்டிக்கொண்டு, அதற்கு இனிஷியல் என்று பெயரும் வைத்து நிம்மதியாக இருக்கிறோம். பான் படிவம் இதை ஒப்புக்கொள்ளாது. கடைசிப் பெயர், முதல் பெயர் என்ற கட்டங்களில் இனிஷியல் போடக்கூடாது. விரித்து எழுதவேண்டும். ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது என்றால், அதைக் கடைசிப் பெயர் கட்டத்தில் போடவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அத்தாட்சியாக எந்தக் காகிதத்தைக் கொடுக்கிறீர்களோ, அதில் உள்ளபடியே பெயர் இருக்கவேண்டும்.

இதில் ஒரு சுவாரஸ்யம் தெரியுமா? பான் நம்பரின் பத்து இடங்களும் சும்மா குலுக்கிப் போட்டவை அல்ல. முதல் மூன்று எழுத்துக்கள் வரிசைக்கிரமம். நான்காவது எழுத்து நீங்கள் யார் என்று சொல்லும். தனி நபருக்கு 'பி', கம்பெனிக்கு 'சி', இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கு 'எச்', டிரஸ்ட்டுக்கு 'டி'. ஐந்தாவது எழுத்து உங்கள் கடைசிப் பெயரின் முதல் எழுத்து. பிறகு நான்கு இலக்கங்கள், கடைசியில் சரிபார்க்க ஓர் எழுத்து. உங்கள் கார்டை எடுத்துப் பாருங்கள், நான் காத்திருக்கிறேன். முக்கால்வாசித் தமிழர்களுக்கு ஐந்தாவது எழுத்தில் அப்பா உட்கார்ந்திருப்பார்!

அக்காவுக்கு அந்த இடத்தில் அத்தான் உட்காரவேண்டும். பாஸ்போர்ட் அப்படித்தானே சொல்கிறது? "பார்த்தியா, இன்கம்டாக்ஸே ஒத்துக்கிட்டாங்க" என்று அத்தான் மீசையை முறுக்கினார், வீடியோவில்.

ஒரு வெள்ளிக்கிழமை, அங்கே லீவு போட்டுவிட்டு, போனை நடுவில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் மனுவை நிரப்ப உட்கார்ந்தோம்.

ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி, மெஸ்ஸர்ஸ்... ஸ்ரீமதி. இது சுலபம்.

"நீங்கள் வேறு பெயரில் அறியப்பட்டதுண்டா?"

"ஏன்டா, என்னை பிக்பாக்கெட்னு நினைச்சானா? லட்சுமி என்கிற பிளேடு லட்சுமின்னு போடட்டுமா?"

"அக்கா, 'ஆம்' போட்டுட்டு லட்சுமி கந்தசாமின்னு எழுது."

அடுத்து, விலாசம். "ரோலா பக்கத்துல, பேக்கரிக்கு எதிர்ல, மூணாவது மாடின்னு போடு" என்றாள். இருபது வருஷமாக அதுதான் அவர்கள் விலாசம். அந்த ஊரில் தபால்காரர் கதவைத் தட்டும் வழக்கம் கிடையாது. பின்கோடும் கிடையாது. கடிதம் எல்லாம் தபால் பெட்டி எண்ணுக்குத்தான் போகும். முக்கால்வாசிப் பேருக்கு அது வேலை பார்க்கும் கம்பெனியின் பெட்டி. பாங்க் ஸ்டேட்மென்ட்டிலும் அந்தப் பெட்டி எண்தான் இருந்தது. நல்லவேளை, அத்தானோடு ஜாயின்ட் அக்கவுன்ட் என்பதால் அக்காவின் பெயரும் அதில் இருந்தது. அதையே விலாசச் சான்றாக வைத்து, அதில் இருப்பதை அச்சுப் பிசகாமல் மனுவில் எழுதினோம். பேக்கரியை விட்டுவிட்டோம். கார்டை இந்தியாவுக்குள் அனுப்ப நூற்றுச் சொச்சம் ரூபாய் கட்டணம், வெளிநாட்டு விலாசத்துக்கு ஆயிரத்துச் சொச்சம். "அடப்பாவி, கார்டை விமானத்துல பக்கத்து சீட்டுல உட்கார வெச்சு அனுப்புவாங்களா?" என்றார் அத்தான்.

ஆதார்? இங்கேதான் ஆளாளுக்கு பயமுறுத்துவார்கள். "ஆதார் இல்லாமல் பான் கிடையாது" என்பது இங்கே குடியிருக்கும் நமக்குத்தான். 2017-ல் அந்த விதி வந்தபோதே வெளிநாட்டில் வாழ்வோருக்கு விலக்கு அளித்துவிட்டார்கள். ஆதார் இருந்தால் பத்து நிமிஷத்தில் கம்ப்யூட்டரிலேயே பான் வாங்கிவிடலாம் என்பது நிஜம். இல்லாதவர் மனுவை அச்சடித்து, போட்டோ ஒட்டி, கையெழுத்துப் போட்டு, கூரியரில் அனுப்பவேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

"வருமானம் எதிலிருந்து?"

சம்பளம், வியாபாரம், வீட்டு வாடகை, மூலதன ஆதாயம், மற்றவை, வருமானம் இல்லை என்று வரிசையாகக் கட்டங்கள்.

"இருபது வருஷமா மூணு வேளை சமைச்சதுக்கு எந்தக் கட்டம்டா?"

அத்தான் அவசரமாக டீ போட எழுந்து போய்விட்டார். வீடு விற்கப்போகிறாள் அல்லவா, மூலதன ஆதாயத்தில் டிக் போட்டோம்.

பிறகு வந்தது அந்தக் கட்டம்.

"தந்தை பெயர்."

"தந்தையா? வீட்டுக்காரர் பேர்னு இருக்கான்னு பாருடா."

"இல்லைக்கா. கல்யாணம் ஆனவங்களுக்கும் அப்பா பேர்தான். புருஷன் பேரை இங்க எழுதக்கூடாது. தாயார் மட்டுமே தனியா வளர்த்திருந்தா, 2018 டிசம்பர்லேருந்து அம்மா பேர் மட்டும் போதும்னு மாத்தியிருக்காங்க. மத்தபடி அப்பாதான்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று 'ஹலோ, ஹலோ' என்றேன்.

"இருக்கேன்டா... அப்பா பேரை எழுதி எத்தனை வருஷமாச்சுன்னு யோசிச்சேன். பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்துல இருக்கு. அதை யார் புரட்டிப் பார்க்கிறா? இங்க எல்லா ஆபீஸ்லயும் 'மேடம், ஹஸ்பெண்ட் நேம்?'தான். அப்பா செத்தப்பகூட டிக்கெட் கிடைக்காம மறுநாள்தான் வந்தேன்..."

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒவ்வொரு கட்டமாக, ஓர் எழுத்துக்கு ஒரு கட்டமாக, அக்கா எழுதி முடிக்கும்வரை காத்திருந்தேன். 'கந்தசாமி' ஒன்றும் அவ்வளவு நீளமான பெயர் இல்லை. ஆனாலும் நேரமாயிற்று.

போட்டோ ஒட்டும் படலம் இன்னொரு கூத்து. 3.5-க்கு 2.5 சென்டிமீட்டர். இரண்டு போட்டோ. இடது பக்கப் போட்டோவின் மேல் பாதியும் காகிதத்தில் பாதியுமாகக் கையெழுத்து விழவேண்டும். வலது பக்கப் போட்டோவின் மேல் ஒரு கோடுகூட விழக்கூடாது. கீழே இருக்கும் கட்டத்துக்குள்தான் கையெழுத்து. ஸ்டேப்ளர் பின் அடிக்கக்கூடாது, ஒட்டத்தான் வேண்டும். முதல் பிரதியில் அக்கா இரண்டு போட்டோவிலும் கையெழுத்துப் போட்டாள். இரண்டாவது பிரதியில் அத்தான் டீயைக் கொட்டினார். மூன்றாவது பிரதிதான் கூரியர் ஏறியது.

"கையெழுத்தை இங்கிலீஷ்ல போடணுமாடா?"

"எந்த பாஷையிலயும் போடலாம்க்கா. பாஸ்போர்ட்ல எப்படிப் போட்டிருக்கியோ அப்படியே போடு."

பாஸ்போர்ட்டில் அவள் தமிழில்தான் போட்டிருந்தாள். பத்தாங்கிளாஸ் ஹால் டிக்கெட்டில் போட்ட அதே கையெழுத்து.

ஜூன் நடுவில் ஒரு ராத்திரி, பழையபடி பன்னிரண்டரைக்கு போன். "டேய், மெயில்ல வந்துடுச்சுடா! ஆனா திறக்க மாட்டேங்குது!"

கார்டு கையில் வருவதற்கு முன்பே மின்னஞ்சலில் வந்துவிடும். அதைத் திறக்கும் பாஸ்வேர்டு பிறந்த தேதி. அக்கா தன் பிறந்த தேதியைப் போட்டுப் போட்டு அலுத்துவிட்டாள். எனக்குப் பொறி தட்டியது.

"அக்கா, நீ ஆடியில பிறந்த தேதியைப் போடறியா, ஹெட்மாஸ்டர் பிறக்கவெச்ச தேதியைப் போடறியா?"

ஸ்கூலில் சேர்க்கும்போது வயசு பத்தவில்லை என்று ஹெட்மாஸ்டர் இரண்டு மாதம் முன்னால் தள்ளிப் பிறக்க வைத்திருந்தார். பாஸ்போர்ட்டிலும் அதுதான். அதைப் போட்டாள். திறந்துகொண்டது. அந்த ஹெட்மாஸ்டர் எங்கிருந்தாலும் வாழ்க!

அந்த நம்பரை வைத்து ஆடிட்டர் அன்றைக்கே மனுப் போட்டார். குறைந்த வரி சர்டிபிகேட் ஜூலைக் கடைசியில் வந்தது. ஆகஸ்ட்டில் அக்கா நேரில் வந்து கையெழுத்துப் போட்டாள். மண்டிக்காரர் அவருடைய டானை வைத்து வரியைக் கட்டினார். மிச்சம் பைசா குறையாமல் அக்கா கணக்குக்குப் போயிற்று. பெண் இப்போது கோயம்புத்தூரில் படிக்கிறாள்.

ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் டீ குடிக்கும்போது அக்கா கைப்பையிலிருந்து கார்டை எடுத்தாள். அத்தான் கம்பெனித் தபால் பெட்டியில் இரண்டு வாரம் கேட்பாரற்றுக் கிடந்து கைக்கு வந்த கார்டு. மேலே 'லட்சுமி ராஜேந்திரன்'. அதற்குக் கீழே 'கந்தசாமி'. அடியில், தமிழில், கொஞ்சம் கோணலாக, 'க. லட்சுமி'.

"என் பேரு மேல இருக்கு, மாமனார் பேரு கீழ இருக்கு" என்றார் அத்தான் பெருமையாக.

"கையெழுத்துல யார் இருக்கான்னு பாருங்க" என்றாள் அக்கா. கார்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

வெளிநாட்டில் பிள்ளை, பெண், தம்பி, தங்கை இருப்பவர்களுக்கு இந்த பி.காம்.காரனின் சில வார்த்தைகள். ஊரில் சொத்தில் பங்கு இருக்கிறது என்றால், விலை பேசுவதற்கு முன்பே பான் வாங்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டையும் பாங்க் ஸ்டேட்மென்ட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். ஏற்கெனவே பான் இருப்பவர், 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன்' என்று இலாகாவுக்குத் தெரியப்படுத்தியிருக்கிறாரா என்றும் கேளுங்கள். ஆதாரோடு இணைக்காத பான்கள் 2023 ஜூலை 1 முதல் செயலிழந்தபோது, விலக்கு உள்ள என்.ஆர்.ஐ.கள் பலரும் சிக்கிக்கொண்டது இதனால்தான். அவர்கள் வெளிநாட்டில் இருப்பதே இலாகாவின் கணக்கில் ஏறவில்லை.

நான் சொன்ன வரிக் கணக்கை அப்படியே கத்தரித்து வைத்துக்கொள்ளாதீர்கள். 2024 ஜூலை 23 முதல் வெளிநாட்டில் வாழ்வோர் இப்படி விற்கும் சொத்துக்கு 12.5 சதவீதம், பணவீக்கக் கழிவு கிடையாது என்று மாற்றிவிட்டார்கள். 1961-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டமே போய், 2025-ஆம் வருஷத்துச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வந்துவிட்டது. பிரிவு எண்களும் மாறிவிட்டன. படிவத்தை நிரப்பும் அன்றைக்கு ஓர் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே இரண்டு பிரதி அதிகமாக அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லார் வீட்டிலும் டீயைக் கொட்ட ஒரு அத்தான் இருப்பார்.

போன வாரம் ராத்திரி பன்னிரண்டரைக்கு மறுபடியும் போன்.

"டேய் தம்பி, நீ பி.காம்.தானே? அத்தானுக்கு ஆதார் எடுக்கணுமாம்..."

"தப்பா டயல் பண்ணிட்டீங்க, மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஐந்து நிமிஷம் கழித்து நானே கூப்பிட்டேன். அக்காவாயிற்றே!